ஹெவி மெட்டலின் வேர்களைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம் இங்கிலாந்தில் வெளிவந்த நாள். ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசையின் பிறந்தநாள் என்று ரசிகர்கள் பலர் இந்தத் தேதியைக் கொண்டாடுகிறார்கள். தாராளமாகக் கொண்டாடலாம், அந்த ஆல்பத்துக்கு அந்தத் தகுதி உண்டு. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இந்த இசைக்கு வரலாறே இல்லை என்பதுபோலப் பேச ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல். மெட்டலின் வேர்களைப் பற்றிச் சுற்றிவரும் தவறுகளில் பாதி இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் வருகிறது.

அந்த ஆல்பத்தையே போட்டுக் கேளுங்கள். இரண்டாவது பாட்டு 'தி விசார்ட்' ஆஸி ஆஸ்போர்னின் மவுத் ஆர்கனோடு தொடங்குகிறது. அது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸின் சுத்தமான பழக்கம். 'ஈவில் உமன்' க்ரோ என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு. கடைசியில் வரும் 'வார்னிங்' ஐன்ஸ்லி டன்பார் குழு 1967-இல் வெளியிட்டது. அதை எடுத்து, நடுவில் டோனி ஐயோமியின் கிட்டாரை நிமிடக்கணக்கில் அலையவிட்டிருக்கிறார்கள். பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியிலிருந்து வந்த இந்த நால்வரும் அதற்கு முன் 'எர்த்' என்ற பெயரில் ப்ளூஸ் கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். 1969 அக்டோபரில் லண்டன் ஸ்டுடியோ ஒன்றில், மேடையில் வாசிப்பதைப் போலவே, ஒரே நாளில் பதிவை முடித்தார்கள். ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பேங்ஸ் இந்த ஆல்பத்தைக் க்ரீம் என்ற பிரிட்டிஷ் ப்ளூஸ் ராக் குழுவின் மட்டமான நகல் என்கிற தொனியில் ஒதுக்கித் தள்ளினார். அவர் கணிப்பு தவறிப்போனது, ஆனால் ஒப்பீடு தவறில்லை. அன்றைக்குக் கேட்டவர்கள் காதில் இது கனம் கூடிய ப்ளூஸ் ராக். அந்தப் பழைய காதோடு ஒருமுறை கேட்டால்தான் இதில் எது புதுசு என்பதே பிடிபடும்.

சரி, அப்படியானால் முதல் மெட்டல் பாட்டு எது? இந்தக் கேள்வியை வைத்து விடிய விடியச் சண்டை போடலாம், முடிவு வராது. பீட்டில்ஸின் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' என்பார்கள். ஸ்டெப்பன்வுல்ஃபின் 'பார்ன் டு பி வைல்ட்' என்பார்கள், ஏனென்றால் அந்த வரிகளில் 'ஹெவி மெட்டல்' என்ற சொல்லே வருகிறது. அங்கே அது மோட்டார் சைக்கிளின் இடிமுழக்கத்தைச் சொல்கிறது, இசையின் பெயராக வரவில்லை. இன்னும் சிலர் சான் பிரான்சிஸ்கோவின் ப்ளூ சியர் என்பார்கள். எடி காக்ரன் 1958-இல் பாடிய 'சம்மர்டைம் ப்ளூஸ்' பாட்டை இவர்கள் 1968-இல் ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி) அலற அலற வாசித்தார்கள். அமெரிக்கப் பட்டியலில் அது 14-ஆம் இடம் வரை ஏறியது. இந்தக் குழுவுக்கு உரிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். ஆனாலும் 'முதல்' பட்டத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன். உறுமும் கிட்டார், பெரும் சத்தம், மந்தமான வேகம், கீழ் ஸ்தாயியில் திரும்பத் திரும்ப வரும் ரிஃப் என்ற சிறு சுரக்கோவை, இருண்ட கருப்பொருள் என்று இந்த இசைக்குள் பல சரக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆட்கள் கையிலிருந்து, வெவ்வேறு ஆண்டில் வந்தது. அவற்றைத் தனித்தனியாகப் பின்தொடர்வதுதான் உருப்படியான வேலை.

உறுமலை எடுத்துக்கொள்வோம். டிஸ்டார்ஷன் என்ற இந்த ஒலிச் சிதைவை 1964-இல் கிங்க்ஸ் குழு கண்டுபிடித்தது என்று பலர் எழுதுகிறார்கள். 'யூ ரியலி காட் மீ' பதிவுக்காக 17 வயது டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கிழித்தது உண்மை. அதில் வரும் தனி வாசிப்பும் அவருடையதுதான்; அது பின்னாளில் லெட் செப்பலினின் கிட்டார் கலைஞரான ஜிம்மி பேஜ் வாசித்தது என்ற வதந்தி இன்றுவரை உயிரோடு இருக்கிறது, அதைப் பரப்பாதீர்கள். ஆனால் கண்டுபிடிப்பு என்று சொன்னால் முன்னால் வந்தவர்கள் மறைந்துபோவார்கள். 1958-இல் லிங்க் ரே 'ரம்பிள்' என்ற பாட்டுக்காக ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். வரிகளே இல்லாத வெறும் வாத்திய இசை அது. இளைஞர்களை வன்முறைக்குத் தூண்டும் என்று பயந்து சில அமெரிக்க நகரங்களின் வானொலி நிலையங்கள் அதற்குத் தடை போட்டன. இன்னும் பின்னால் போனால் 1951, மெம்ஃபிஸ். ஐக் டர்னரின் குழு 'ராக்கெட் 88' பதிவுக்கு வரும் வழியில் கிட்டார் கலைஞர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப் சேதமாகிவிட, ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள். அந்தக் கரகரப்பு பதிவில் அப்படியே கேட்கிறது. கறுப்பின இசைக்கலைஞர்களின் உடைந்த ஆம்பிலிருந்து வந்த ஒலியை, வேண்டுமென்றே உடைத்து வாங்க 13 வருடம் கழித்து லண்டனில் ஒரு பையன் பிளேடைத் தேடினான்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, ஆம்பைக் கணக்கில் எடுக்காமல் வரலாறு எழுதுவது. மேற்கு லண்டனின் ஹான்வெல்லில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1960களின் தொடக்கத்தில் ஃபெண்டர் பேஸ்மேன் என்ற அமெரிக்க ஆம்பை மாதிரியாக வைத்துத் தன் முதல் ஆம்பைச் செய்தார். பிறகு, இன்னும் சத்தம் வேண்டும் என்று தி ஹூ குழு கேட்க, 1965 வாக்கில் 100 வாட் ஆம்ப் வந்தது. சத்தம் கூடியது மட்டும் இதன் பலன் இல்லை. வால்வு ஆம்பை முழு வீச்சில் திருகினால் ஒலி சிதையும், கூடவே ஒரு சுரம் சட்டென்று அடங்காமல் நீண்டு நிற்கும். சுரம் நீண்டு நின்றால் மெதுவாக வாசிக்கலாம். சாதாரண கிட்டாரில் அவ்வளவு மந்தமாக வாசித்தால் இடையில் வெறுமைதான் மிஞ்சும். மெட்டலின் கனத்துக்கும் மந்தத்துக்கும் இந்த ஆம்பில்தான் முடிச்சு இருக்கிறது. நியூயார்க்கின் வனில்லா ஃபட்ஜ் 1967-இல் சுப்ரீம்ஸ் பாடிய துள்ளலான பாட்டு ஒன்றை இழுத்து இழுத்து வாசித்து ஹிட்டாக்கியது. அடுத்த ஆண்டு உருவான டீப் பர்ப்பிள், ஆரம்பத்தில் இவர்களைத்தான் முன்மாதிரியாக வைத்திருந்தது.

ஐயோமியின் விரல் கதைக்கு வருவோம். தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கடைசி நாள், 17 வயது, இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடதுகைக்காரர் என்பதால் தந்திகளை அழுத்துவது அந்த வலது கைதான். ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்ற ஜாஸ் மேதை, தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் வாசித்த இசைத்தட்டைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் கொண்டுவந்து கொடுத்தார். ஐயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். பேஞ்சோவின் மெல்லிய தந்திகளைக் கிட்டாரில் மாட்டினார். மனதைத் தொடும் கதை, எல்லாம் நடந்ததும்கூட. தவறு இதற்கு அடுத்த வரியில் நுழைகிறது: 'விரல் வலியால் தந்திகளைத் தளர்த்தினார், அப்படித்தான் மெட்டல் பிறந்தது.' காலக்கணக்கு இடிக்கிறது. சபாத்தின் முதல் இரண்டு ஆல்பங்களும் வழக்கமான சுருதியிலேயே வாசிக்கப்பட்டவை. மூன்றாவது ஆல்பமான 1971-இன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில்தான் பல பாடல்களில் தந்திகளை மூன்று அரைச்சுரம் இறக்கினார்கள். முதல் ஆல்பத்தின் கனத்துக்கு வேறு காரணங்கள் உண்டு. கீசர் பட்லரின் பேஸ் கிட்டார் பல இடங்களில் கிட்டாரின் அதே ரிஃபை அடியில் சேர்ந்து வாசிக்கிறது. ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் அந்தப் பேஸ் காணாமல் போய்விடும். பிறகு 'இதிலென்ன ஹெவி இருக்கிறது' என்று தோன்றுவதில் வியப்பில்லை. நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

அப்புறம் அந்தச் சாத்தான் இடைவெளி. சபாத் ஆல்பத்தின் முதல் பாட்டில் வரும் ரிஃப் மூன்றே சுரம். நம் கணக்கில் சொன்னால் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிறகு பிரதி மத்திமம். ஷட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை இடைக்காலத் திருச்சபை தடை செய்தது, வாசித்தவர்களைத் தண்டித்தது என்று நூறு காணொளிகள் சொல்கின்றன. அப்படி ஒரு தடை இருந்ததற்கு ஆதாரமில்லை. பாடுவதற்குச் சங்கடமானது, தவிர்க்கலாம் என்று அக்கால ஆசிரியர்கள் சொன்னார்கள், அவ்வளவுதான். சாத்தானோடு சேர்த்துச் சொல்லும் லத்தீன் பெயர் 18-ஆம் நூற்றாண்டு எழுத்துகளிலிருந்துதான் தெரியவருகிறது. ஐயோமிக்கு இது எங்கிருந்து வந்தது என்பதற்கும் மர்மம் தேவையில்லை. பட்லர், ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'தி பிளானட்ஸ்' படைப்பிலிருந்து செவ்வாய் பகுதியைப் பேஸில் வாசித்துக்கொண்டிருந்தார், ஐயோமி அதிலிருந்து தன் ரிஃபைப் பிடித்தார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'பர்ப்பிள் ஹேஸ்' 1967-இல் இதே இடைவெளியோடுதான் தொடங்குகிறது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. 72 மேளகர்த்தாக்களில் சரிபாதி, 36 ராகங்கள், பிரதி மத்திமம் கொண்டவை. கல்யாணியைக் கேட்டு யாரும் பயந்ததில்லை. அங்கே அந்த மத்திமம் காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே வளைந்து குழைந்து வருகிறது. சபாத்தில் துணைக்கு ஒரு சுரமும் இல்லை. ஷட்ஜத்தை அடித்துவிட்டு நேராக அங்கே போய் நின்று நடுங்குகிறது. வேகமோ ஆமை வேகம். பின்னணியில் மழையும் தேவாலய மணியும். பயம் அந்த ஏற்பாட்டிலிருந்து வருகிறது, சுரத்திலிருந்து வரவில்லை.

சாத்தான் என்றவுடன் இன்னொன்று. சபாத் சாத்தானை வழிபட்ட குழு என்று எழுதாதீர்கள். வரிகளை எழுதிய பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். அந்த முதல் பாட்டில் இருப்பவன் கரிய உருவத்தைக் கண்டு நடுங்கிக் கடவுளைக் கூப்பிடுகிறான். 1971-இன் 'ஆஃப்டர் ஃபாரெவர்' வெளிப்படையான கிறிஸ்தவப் பாட்டு. ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் நாற்சந்தியில் பிசாசுக்கு ஆன்மாவை விற்றார் என்ற கதையும் இதே ரகம். 1936-இல் அவர் பதிவு செய்த 'கிராஸ் ரோடு ப்ளூஸ்' பாட்டில் பிசாசே வரவில்லை. ஒருவன் மண்டியிட்டு ஆண்டவனிடம் இரக்கம் கேட்கிறான், போகிற வண்டியை நிறுத்தப் பார்க்கிறான், பொழுது சாய்கிறது. பிசாசோடு பேரம் பேசிய கதையை முதலில் டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றித்தான் சொன்னார்கள். ஒரு மனிதர் உட்கார்ந்து பழகிப் பழகிச் சேர்த்த திறமையைப் பிசாசின் கணக்கில் எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஜாஸை மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. சபாத்தின் டிரம்மர் பில் வார்டு, லெட் செப்பலினின் டிரம்மர் ஜான் பான்ஹாம் இருவரும் ஜாஸ் கலைஞர் ஜீன் க்ரூபாவின் டிரம்ஸைக் கேட்டு வளர்ந்தவர்கள். க்ரீமின் ஜிஞ்சர் பேக்கர் ஜாஸ் மேடைகளிலிருந்தே வந்தவர். சபாத்தின் 'விக்கட் வேர்ல்ட்' தொடங்கும்போது தாளத்தட்டில் கேட்பது ஜாஸின் அசைவுதான். பின்னால் வந்த மெட்டல் அந்த அசைவைக் கழற்றிவிட்டு நேர்கோட்டில் ஓடியது.

இருப்பதிலேயே பெரிய தவறு, பெயரை விட்டுவிடுவது. லெட் செப்பலினின் 1969 பாட்டு 'ஹோல் லாட்டா லவ்' பலருக்கு ஹார்ட் ராக்கின் பாலபாடம். அதன் வரிகளில் பெரும்பகுதி சிகாகோவின் வில்லி டிக்சன் எழுதி, மடி வாட்டர்ஸ் 1962-இல் பாடிய 'யூ நீட் லவ்' பாட்டிலிருந்து வந்தது. அந்தப் பதிவில் சறுக்கி வழுக்கும் கிட்டார் ஏர்ல் ஹுக்கருடையது. 1966-இல் ஸ்மால் ஃபேஸஸ் குழு இதையே வேறு பெயரில் பாடியது. ஸ்டீவ் மேரியட் கத்திப் பாடும் விதத்தைக் கேட்டால் செப்பலினின் பாடகர் ராபர்ட் பிளான்ட் எங்கிருந்து புறப்பட்டார் என்பது தெரிந்துவிடும். இசைத்தட்டில் டிக்சன் பெயர் இல்லை. அவர் 1985-இல் வழக்குப் போட்டார், 1987-இல் சமரசம் ஆனது, அதன்பின் பெயர் சேர்ந்தது. 'எல்லாம் திருட்டு' என்று ஒரே வரியில் முடிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பேஜின் அந்த ரிஃப் மடி வாட்டர்ஸின் பதிவில் இல்லை. எடுத்ததையும் சொல்ல வேண்டும், சேர்த்ததையும் சொல்ல வேண்டும்.

இதை ஒரே மாலையில் காதால் உணர ஒரு வழி இருக்கிறது. 1927-இல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊர்களை மூழ்கடித்தது. அதைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கேன்ஸஸ் ஜோ மெக்காயும் 1929-இல் 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டைப் பதிவு செய்தார்கள். ஜோ பாடுகிறார், மின்னியின் விரல்கள் தந்திகளில் சுறுசுறுப்பாக ஓடுகின்றன. சோகமான வரிகளுக்கு அடியில் ஆட்டம்போட வைக்கும் நடை. அது முடிந்ததும் செப்பலினின் 1971 பதிவைப் போடுங்கள். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில், மாடிப்படியின் அடியில் பான்ஹாமின் டிரம்ஸை வைத்து, மேலே படிக்கட்டிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். பிறகு டேப்பின் வேகத்தையும் குறைத்தார்கள். முதல் அடியிலேயே அந்த வீட்டின் உயரம் முழுக்கக் காதில் விழும். அந்த ஆல்பத்தில் இப்பாட்டை எழுதியவர்கள் வரிசையில் நால்வரின் பெயரோடு மெம்ஃபிஸ் மின்னியின் பெயரும் இருக்கிறது. 1929-இல் அதைப் பாடிய ஜோ மெக்காயின் பெயர் இல்லை.