கிளவுடில் முதல் நாளே கோட்டை விடும் விஷயங்கள்

பல நிறுவனங்களில் கிளவுட், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள், ஆரம்பிப்பது இப்படித்தான். யாரோ ஒரு டெவலப்பர் தன் மெயில் ஐடியில் ஓர் அக்கவுண்ட் திறந்து, கார்டு கொடுத்து, ஒரு சர்வரை ஏற்றிவிடுவார். அது நன்றாக ஓடும். இரண்டு வருஷத்தில் அதே அக்கவுண்டில் கம்பெனியின் பாதி உட்கார்ந்திருக்கும். அவர் வேலையை விட்டுப் போன பிறகுதான் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் லாகின் அவருடைய மெயிலுக்கும், ஓடிபி அவருடைய போனுக்கும் போவது தெரியவரும். நான் வேலை செய்த ஓரிடத்தில் இது நடந்தது. அவர் நல்ல மனிதர், கூப்பிட்டதும் வந்து உதவினார், தப்பித்தோம். வராமல் போயிருந்தால் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

கிளவுடில் நிறைய விஷயங்களை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். சர்வர் சைஸை அஞ்சு நிமிஷத்தில் மாற்றலாம். ஆனால் அக்கவுண்டைப் பிரிப்பது, ஐபி ரேஞ்ச் (சர்வர்களுக்கு ஒதுக்கும் முகவரிகளின் வரிசை), லாக் (யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவு) இந்த மூன்றையும் தள்ளிப்போட்டால் பின்னால் வீட்டில் குடியிருந்துகொண்டே அஸ்திவாரத்தைத் தோண்டுகிற வேலையாகிவிடும். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ் எனக்குப் பழக்கம், அதை வைத்தே சொல்கிறேன். மைக்ரோசாஃப்டின் அஷூரிலும் கூகுள் கிளவுடிலும் பெயர்களும் சில விவரங்களும் மாறும், அடிப்படை யோசனை ஒன்றுதான்.

முதல் தவறு, எல்லாவற்றையும் ஒரே அக்கவுண்டில் போடுவது. பிரொடக்‌ஷன் (வாடிக்கையாளர்கள் நிஜமாகப் பயன்படுத்துவது), டெஸ்ட், பேக்கப் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், உள்ளே நுழைந்தவனுக்கு மூன்றும் சேர்ந்தே கிடைக்கும். கோட் ஸ்பேஸஸ் என்றொரு கம்பெனி இருந்தது, மற்றவர்களின் சோர்ஸ் கோடைப் பாதுகாத்துக் கொடுப்பதுதான் அவர்கள் தொழிலே. 2014 ஜூனில் அவர்களுடைய ஏடபிள்யூஎஸ் கன்சோலுக்குள் (எல்லாவற்றையும் நிர்வகிக்கும் பக்கம்) ஒருவன் புகுந்து பணம் கேட்டான். இவர்கள் பாஸ்வேர்டை மாற்றி அவனை வெளியே தள்ளப் பார்த்தார்கள், அவனோ முன்பே வேறு லாகின்களை உருவாக்கி வைத்திருந்ததால் சர்வர், டிஸ்க், டிஸ்க்கின் நகலான ஸ்னாப்ஷாட், பேக்கப் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அழித்துக்கொண்டே போனான். சுமார் 12 மணி நேரம். கம்பெனியையே மூடும்படி ஆனது. பேக்கப் இருந்தது, ஆனால் அதே சாவியில் திறக்கும் அறையில் இருந்தது. ஆகவே பேக்கப்புக்குத் தனி அக்கவுண்ட், லாகுக்குத் தனி, டெஸ்ட்டுக்குத் தனி. ஏடபிள்யூஎஸ்ஸின் ஆர்கனைசேஷன்ஸ் சேவையில் இவை எல்லாவற்றையும் ஒரே பில்லின் கீழ் கட்டலாம், தனித்தனி அக்கவுண்ட் வைப்பதற்கென்று காசும் கிடையாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எஸ்சிபி என்று, அக்கவுண்டுகளில் எதையெல்லாம் செய்யக்கூடாது என நாம் போடும் கட்டுப்பாடுகள், மற்றவற்றைக் கட்டிவைக்கும் தலைமை அக்கவுண்டைக் கட்டுப்படுத்தாது. அதனால் அதில் எந்த அப்ளிகேஷனையும் ஓட்டாதீர்கள். ரூட் மெயிலை யாருடைய சொந்த ஐடிக்கும் கொடுக்காமல் ஒரு குழு மெயில்பாக்ஸுக்கு வைத்துவிடுங்கள்.

அடுத்து ஐபி. இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். இரண்டு டீம், இரண்டு பேருமே ஏதோ ஒரு டுடோரியலைப் பார்த்து 10.0.0.0/16 (10.0 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும்) என்று போட்டுவிட்டார்கள். தனித்தனியாக ஓடும்வரை எந்தத் தொல்லையும் இல்லை. ஒரு நாள் பில்லிங் சர்வர் அடுத்த டீமின் டேட்டாபேஸோடு பேச வேண்டி வந்தது, இரண்டு நெட்வொர்க்கையும் இணைக்கும் பியரிங் போட்டால் ஏற்கவே இல்லை. ஏற்காது, ஏனென்றால் ரேஞ்ச் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் 10.0.4.12 என்பது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? விபிசியின் (கிளவுடில் நமக்கென்று இருக்கும் தனி நெட்வொர்க்) முதல் ரேஞ்சைப் பிறகு மாற்றவும் முடியாது, கூடுதலாக இன்னொன்றைச் சேர்க்கத்தான் முடியும். கடைசியில் புது விபிசி கட்டி ஒவ்வொரு சர்வராக நகர்த்தினோம், பல ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகள் அதிலேயே போயின. ஒரு எக்ஸெல் ஷீட் இருந்திருந்தால் போதும்: மும்பை பிரொடக்‌ஷனுக்கு 10.20, டெஸ்ட்டுக்கு 10.30, மும்பை விழுந்தால் கைகொடுக்கும் ஹைதராபாத் டிஆருக்கு 10.40, ஆபீஸ் விபிஎன்னுக்கு இது என்று எழுதி வைத்துவிட்டு, நாளை வருவதற்கும் இடம் விட்டிருக்கலாம். 172.17-ஐத் தொடாதீர்கள், அப்ளிகேஷன்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருள் வழக்கமாக அதை எடுத்துக்கொள்ளும்.

லாக் விஷயத்தில் இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சட்டமே இருக்கிறது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவம் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். ஏடபிள்யூஎஸ் அக்கவுண்டில் நடப்பதைப் பதிவுசெய்யும் கிளவுட்டிரெயில் தானாக வைத்திருப்பதோ 90 நாள்தான். மீதி 90 நாளுக்கு நீங்கள்தான் அந்தப் பதிவுகளை வெளியே எடுத்துவைக்கும் ஒரு டிரெயில் போட்டு, டெவலப்பர்கள் கை வைக்க முடியாத அக்கவுண்டில் சேமிக்க வேண்டும்.

அனுமதிகளைப் பற்றி எல்லோரும் சொல்வதுதான், அவசரத்துக்குக் கொடுத்த அட்மின் உரிமை திரும்பி வருவதே இல்லை. ஆட்களைவிட சர்வர்களுக்குக் கொடுக்கும் ரோல், அதாவது அவை எதையெல்லாம் தொடலாம் என்ற உரிமைத் தொகுப்புதான் எனக்குப் பெரிய கவலை. 2019-இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் தவறாக அமைத்த ஒரு ஃபயர்வால் வழியே உள்ளே வந்தவருக்கு, அந்த சர்வரின் ரோலில் இருந்த உரிமையே போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 கோடிப் பேரின் விவரங்கள் போயின, அடுத்த வருஷம் 8 கோடி டாலர் அபராதம்.

செலவில் ஒன்று மட்டும் சொல்கிறேன். பிரைவேட் சப்நெட்டில் (வெளியிலிருந்து நேராக எட்ட முடியாத பகுதி) இருக்கும் சர்வர்கள், ஃபைல்களைச் சேமிக்கும் சேவையான எஸ்3-க்கு, இணையத்துக்கு வழிவிடும் நேட் கேட்வே வழியாகப் போகின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். ஒவ்வொரு ஜிபிக்கும் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும், அதே ரீஜனில் (மும்பை, ஹைதராபாத் போன்ற பகுதி) எஸ்3-க்கு நேராகப் போகும் கேட்வே எண்ட்பாயிண்ட் இலவசம்.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு எதிர்த் திசையில் ஓடுபவர்களும் உண்டு. ஆறு மாசம் கமிட்டி, கட்டுப்பாட்டு ஆவணம், ஒப்புதல் படிவம், ஆனால் ஒரு அப்ளிகேஷன்கூட மேலே ஏறியிருக்காது. அக்கவுண்ட் கேட்டவர் மூன்று வாரம் காத்திருந்துவிட்டுத் தன் கார்டை எடுத்துப் புதிதாக ஒன்று திறப்பார், உங்கள் கட்டுப்பாடு எதுவும் அங்கே எட்டாது. அதனால் அக்கவுண்ட், ஐபி, லாக் என்று மேலே சொன்ன மூன்றை மட்டும் முதலில் முடித்து, அவற்றைக் கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதும் டெரஃபார்ம் கருவியில் எழுதிவைத்து, புது அக்கவுண்ட் கேட்டால் லாகும் ஐபியும் தடுப்புகளும் உள்ளேயே இருக்கும்படி அன்றைக்கே கையில் கொடுங்கள். எது யாருடையது என்று ஒட்டும் டேக் பெயர்கள், டாஷ்போர்டு எல்லாம் இரண்டாவது அப்ளிகேஷன் ஏறும்போது பார்த்துக்கொள்ளலாம்.