சுடுகிறவர் கணக்கும் சுமக்கிறவர் கணக்கும்: மூஸ் வேட்டைக்குப் பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் ஊரில் இருந்த வருடங்களில் மான் இனத்திலேயே மிகப் பெரிய மிருகமான மூஸை நான் ஒன்றுகூடச் சுட்டதில்லை. ஆனால் மூன்று மூஸைக் காட்டிலிருந்து சுமந்து வந்திருக்கிறேன். கூட வேலை பார்த்த நண்பர் செப்டம்பரில் லீவு போட்டுவிட்டுக் காட்டுக்குப் போவார். இரண்டு மூன்று நாளில் சாட்டிலைட் கருவியிலிருந்து ஒரு வரிச் செய்தி வரும்: "விழுந்துவிட்டது, வா." ஆகவே இது சுமக்கிறவன் பக்கத்திலிருந்து எழுதுவது. நம்மூரில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே போலீஸ் கேஸ்தான் நினைவுக்கு வரும். அங்கே மூஸ் என்பது பல குடும்பங்களுக்குக் குளிர்காலச் சாப்பாடு. அதனால்தான் சுட்டபின் நடக்கும் தவறுகள் அங்கே பெரிய விஷயம்.

ஒரு நல்ல ஆண் மூஸ் 500 கிலோவிலிருந்து 700 கிலோ வரை இருக்கும். தலை, தோல், குடல், எலும்பு எல்லாம் போகச் சமைக்கிற கறி மட்டும் சுமார் 225 கிலோ தேறும். கறிக்கடையில் தொங்குகிற வெள்ளாட்டில் ஏறக்குறைய இருபது. இந்த இருபது ஆட்டையும் சாலை இல்லாத காட்டிலிருந்து முதுகில் கொண்டுவர வேண்டும்.

தூரத்தை ஒரு வழிக்கு மட்டும் கணக்குப் போடுவது

முதல் தவறு இதுதான், மற்ற பல தவறுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. "படகு நிற்கும் ஆறு இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்தானே" என்பார்கள். ஆளுக்கு ஒரு நடைக்கு 28 கிலோ என்று வைத்தால் 225 கிலோவுக்கு எட்டு நடை. சுமையோடு எட்டுத் தடவை போக வேண்டும், வெறும் முதுகோடு ஏழு தடவை திரும்ப வேண்டும். ஆக மொத்தம் 30 கிலோமீட்டர். எலும்போடு தூக்கினால் இன்னும் கூடும். ஒரு பின்தொடை மட்டுமே 50 கிலோவைத் தொட்டுவிடும்.

தரையும் நம் வரப்பு மாதிரி இருக்காது. பாசி படர்ந்த சதுப்பில் ஒவ்வொரு அடிக்கும் கால் கணுக்கால் வரை இறங்கும். சில இடங்களில் பந்து பந்தாகப் புல்முண்டுகள். மேலே கால் வைத்தால் சாயும், நடுவில் வைத்தால் தண்ணீர். சுமையோடு ஒரு கிலோமீட்டர் கடக்க ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. அனுபவசாலிகள் பலர் ஆற்றிலிருந்தோ பாதையிலிருந்தோ ஒரு மைலுக்கு மேல் உள்ளே நிற்கும் மூஸை, அது எவ்வளவு பெரிய கொம்போடு நின்றாலும், பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். என் நண்பர் அந்த ரகம் இல்லை என்பதை இரண்டாவது வருடம் தெரிந்துகொண்டேன்.

இதோடு சேர்ந்த சின்னத் தவறு, முதல் நடையிலேயே வீரம் காட்டுவது. நாற்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி கிளம்புகிறவர், நான்காவது நடையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் அவரையும் சேர்த்துத் தூக்க வேண்டியதாகிவிடும்.

தண்ணீருக்குள் விழ விடுவது

மூஸ் நீர்ச்செடி தின்னக் குளத்தில் இறங்கும். அங்கே நிற்கும்போது சுடுவது சுலபமாகத்தான் தெரியும், ஆனால் கரைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். நண்பர் கரையில் நின்றதைத்தான் சுட்டார். ஆனால் குளத்துக்கு மிகப் பக்கத்தில். அடிபட்டது இரண்டே எட்டு எடுத்து வைத்துத் தண்ணீரில் விழுந்தது. அரை டன் மிருகத்தை இரண்டு ஆள் இழுக்க முடியாது. கையால் இயக்கிக் கயிற்றை இழுக்கும் கைவின்ச்சை ஒரு மரத்தில் கட்டி அங்குலம் அங்குலமாக இழுத்தோம். பாதிக்கு மேல் நகரவில்லை. மீதி வேலை முழுக்க இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்றபடி நடந்தது. விரல் மரத்துப்போன கையில் கத்தி எங்கே போகிறது என்று தெரியாது. வேட்டையில் துப்பாக்கியைவிட எனக்குக் கத்திதான் பயம்.

குளிர்தானே என்று கறியைச் சூட்டோடு விடுவது

கறி கெட்டுப்போக வெயில் வேண்டியதில்லை. மூஸின் உடல் சூடு 38 டிகிரிக்கு மேல். அதன் முடி உள்ளீடற்றது, தோல் கெட்டி. பனிக்காலத்தைத் தாங்கப் பிறந்த போர்வை அது. செத்த பிறகும் அந்தப் போர்வை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வெளியே ஐந்து டிகிரி குளிர் இருந்தாலும், இடுப்பெலும்பு மூட்டைச் சுற்றியுள்ள தடித்த சதைக்குள் சூடு அடைபட்டுக் கிடந்து உள்ளிருந்தே புளிக்கத் தொடங்கிவிடும். மேலே பார்த்தால் சிவப்பாக, நன்றாக இருக்கும். வீட்டில் எலும்பை ஒட்டி வெட்டும்போதுதான் அந்த வீச்சம் வரும். வந்துவிட்டால் மசாலா எதுவும் காப்பாற்றாது.

மாலையில் சுட்டுவிட்டு "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கூடாரத்துக்குப் போவது அதனால்தான் பெரிய தவறு. குறைந்தபட்சம் அன்றிரவே வயிற்றைத் திறந்து குடலை எடுத்துவிட வேண்டும். முடிந்தால் தோலை உரித்து, தொடைகளையும் பிரித்துவிட வேண்டும். மேல்பக்கத்தை முதலில் முடித்துவிட்டு, காலைக் கயிற்றால் மரத்தில் கட்டிப் புரட்டி, மறுபக்கத்தை எடுப்பார்கள். உரித்த தோலை வெளிப்பக்கம் கீழே இருக்கும்படி விரித்தால் அதுவே பாய். பாசியும் இலையும் கறியில் ஒட்டாது. ஒட்டிய முடியை அப்போதே கையால் எடுத்துவிடுங்கள், காய்ந்துவிட்டால் பிடிவாதம் பிடிக்கும். வயிற்றைத் திறக்கும்போது கத்தி முனை மேலே பார்த்திருக்க வேண்டும். இரைப்பை கிழிந்தால் அதில் புளித்துக் கிடக்கும் தழை முழுவதும் கறியின் மேல்.

அடுத்து பை. குப்பை போடும் பிளாஸ்டிக் பையில் சூடான கறியைக் கட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இட்லிப் பானையில் வைப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. காற்றோடும் பருத்திப் பைதான் சரி. அதில் போட்டு, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய கழியில், ஒன்றோடொன்று உரசாமல் தொங்கவிட்டால் மேற்பரப்பு உலர்ந்து மெல்லிய பொருக்கு கட்டும். அந்தப் பொருக்குதான் ஈக்கும் கிருமிக்கும் வேலி. மேலே தார்ப்பாய் கட்டலாம், ஆனால் கறியைச் சுற்றிப் போர்த்தக் கூடாது. ரத்தம் போக ஓடைத் தண்ணீரில் கழுவுவதும் வேண்டாத வேலை. ஈ மொய்க்காமல் இருக்கச் சிலர் மிளகுத் தூளைத் தூவுகிறார்கள், சிலர் எலுமிச்சைப் புளிப்பான சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து தெளிக்கிறார்கள். படகில் ஏற்றும்போது அடியில் கழிகளைப் பரப்பிவிட்டு மேலே அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் தேங்கும் தண்ணீரில் கீழ்மூட்டை நாள் முழுக்க ஊறும்.

கரடிக்கு வசதி செய்து கொடுப்பது

குடல் குவியலுக்குப் பக்கத்திலேயே கறியையும் விட்டுவிட்டு முதல் நடை போவது, பழுப்புக் கரடிக்கு இலை போட்டுப் பரிமாறுவது போல. கறியை அங்கிருந்து நூறு மீட்டராவது தள்ளி, தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிகிற வெட்டவெளியில் வைக்க வேண்டும். புதருக்குள் ஒளித்து வைத்தால் உங்களுக்குத்தான் தெரியாது, கரடிக்கு மூக்கு இருக்கிறது. திரும்பி வரும்போது சத்தம் போட்டுக்கொண்டு வரவேண்டும். மேடான இடத்தில் நின்று பைனாகுலரில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். மூட்டை இருந்த இடத்தில் புதிதாக மண்ணும் பாசியும் குவிந்திருந்தால் அது இனி கரடியின் சொத்து. வாதாட வேண்டாம்.

சட்டத்தை ஊருக்கு வந்தபின் படிப்பது

அலாஸ்காவில் கறியை வீணாக்குவது குற்றம். தொடைகள் மட்டும் போதாது. கழுத்து, நெஞ்சு, விலா, முதுகெலும்பை ஒட்டிய கறி எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும். விலாக்கறி எடுப்பது எரிச்சலான வேலை, சுமையிலும் அடங்காமல் துருத்தும். அதனால்தான் பலர் அங்கே கோட்டை விடுகிறார்கள். பின்தொடைகளை விட்டுவிட்டு வந்து மாட்டினால் குறைந்தது 7 நாள் சிறை, 2,500 டாலர் அபராதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. சில வேட்டைப் பிரிவுகளில் தொடையையும் விலாவையும் காட்டை விட்டு வெளியே வரும்வரை எலும்போடுதான் வைத்திருக்க வேண்டும். எந்தப் பிரிவு என்பதைக் கிளம்பும் முன் பார்க்காவிட்டால், சுமையைக் குறைக்கிறேன் என்று எலும்பெடுத்து வழக்கை வாங்கிக்கொள்வீர்கள்.

வண்டி விஷயத்திலும் இதே கதைதான். மூஸ் வேட்டைக்காரரான ஜான் ஸ்டர்ஜன் 2007இல் நேஷன் ஆற்றில், காற்று மெத்தையில் மிதந்து போகும் ஹோவர்கிராஃப்டோடு மணல் திட்டில் நின்றிருந்தார். தேசியப் பூங்காத் துறைக் காவலர்கள் வந்து, இந்தப் பகுதியில் இதை ஓட்டக் கூடாது என்றார்கள். அவர் வழக்குப் போட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை இரண்டு தடவை போய், 2019இல்தான் அவருக்குச் சாதகமாக முடிந்தது. பன்னிரண்டு வருடம். உங்களுக்கு அந்தப் பொறுமை இல்லையென்றால், எந்த நிலத்தில் எந்த வண்டி போகலாம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சின்ன விமானத்தை நம்பிப் போகிறவர்கள், எத்தனை கிலோ ஏற்றலாம், எத்தனை தடவை வரவேண்டியிருக்கும் என்று விமானியிடம் பேசிவிட்டுத்தான் போக வேண்டும். மழையும் மூடுபனியும் வந்தால் விமானம் ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போகும், கறி அதுவரை தாங்க வேண்டும்.

மிஞ்சியதைத் தானம் என்று தள்ளிவிடுவது

வெளியூரிலிருந்து வரும் வேட்டைக்காரர்கள் எல்லாக் கறியையும் விமானத்தில் கொண்டுபோக முடியாது. ஆற்றோரக் கிராமங்களில் கொடுத்துவிட்டுப் போவது நல்ல வழக்கம், அதற்குக் கைமாற்றுப் படிவமும் உண்டு. ஆனால் மூன்று நாள் ஈரத்தில் கிடந்து வாடை பிடித்த கறியைக் கொடுப்பது தானம் ஆகாது. அந்த மக்களுக்கு மூஸ் என்றால் என்ன என்று தெரிந்தால் அதைச் செய்ய மனம் வராது. 1975இல் மிண்டோ கிராமத்தின் அத்தபாஸ்கன் பழங்குடியைச் சேர்ந்த கார்லோஸ் ஃபிராங்க், ஈமச் சடங்கு விருந்துக்காகப் பருவம் அல்லாத காலத்தில் வீழ்த்திய மூஸை எடுத்துச் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்டார். 1979இல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அந்த விருந்தில் மூஸ் கறி இடம்பெறுவது அவர்களின் மத உரிமையைச் சேர்ந்தது என்று ஏற்றுக்கொண்டது. மூக்கு, நாக்கு, இதயம் எல்லாம் அங்கே விரும்பிச் சாப்பிடுவார்கள். நாம் குப்பை என்று விட்டு வருவதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கொம்பை முதலில் தூக்குவது

படம் எடுத்த கையோடு கொம்பைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப எல்லாருக்கும் ஆசை. அது கூடாது. கறி முழுவதும் வெளியே வரும்வரை கொம்பு காட்டிலேயே கிடக்க வேண்டும், கடைசி நடையில்தான் அது வரலாம். கறியை விட்டுவிட்டுக் கொம்போடு ஓடியவர்களால் வந்த விதி என்று நினைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி நடையில் ஒரு தவறு மட்டும் பாக்கி. ஒன்றரை மீட்டர் அகலக் கொம்பை முதுகில் கட்டிக்கொண்டு, பழுப்புச் சட்டையோடு, வேட்டைப் பருவத்தில் புதருக்குள் குனிந்து நடக்கிற ஆளைத் தூரத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். கொம்பின் இரண்டு பக்கமும் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணியைக் கட்டிவிட்டு நடங்கள். முதல் வருடம் நண்பர் மறந்துவிட்டார். கொம்பு என் முதுகில் இருந்தது. ஆறு வரும்வரை நான் உரக்கப் பாடிக்கொண்டே நடந்தேன்.