ஆறு சார்ட்டில் லண்டனின் இரண்டாயிரம் ஆண்டு

சேலம், ஏற்காடு பள்ளிக் கண்காட்சிகளில் நகர வரலாறு என்றால் பத்துக் கட்டம் போட்டுப் பத்து நிகழ்ச்சியை எழுதிவிடுகிறார்கள். அப்போது 476 ஆண்டு இடைவெளியும் 77 ஆண்டு இடைவெளியும் ஒரே அகலமாகிவிடும். அளவு வைத்து வரைவதே சரி.

71 செ.மீ. நீளமுள்ள சார்ட் ஆறு போதும். நீளவாக்கில் 1 செ.மீ. மேலேற்றி ஒட்டினால் 421 செ.மீ. வரும். 5 ஆண்டுக்கு 1 செ.மீ. என்று வையுங்கள், ஆண்டை ஐந்தால் வகுத்தால் புள்ளி கிடைக்கும். 1666-இன் பெருந்தீ 333.2 செ.மீ.-இல் விழும். அதற்குக் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள்: புட்டிங் லேனில் ஒரு ரொட்டிக்கடையில் பிடித்த தீ, மரவீடுகளாலும் காற்றாலும் பரவி 13,200 வீடுகளை அழித்தது, 1667 சட்டம் செங்கல்லும் கல்லும் வைத்துக் கட்டச் சொன்னது.

பலர் கோட்டைவிடுவது 82 முதல் 177.2 செ.மீ. வரை, அதாவது ரோமர் ஆட்சி முடிந்த 410-க்கும் மன்னர் ஆல்ஃபிரெட் நகரை மீட்ட 886-க்கும் நடுவில். அதை வெற்றாக விடாதீர்கள். ரோமர் மதிலுக்கு மேற்கே, இன்றைய கோவன்ட் கார்டன் பக்கம், லுண்டன்விக் என்ற, சாக்சன் எனும் ஜெர்மானியக் குடியேறிகளின் வணிக ஊர் இருந்தது.

சுரங்க ரயிலும் (1863) ஜெர்மன் குண்டுவீச்சும் (1940) 15.4 செ.மீ. இடைவெளிக்கு நெருங்கும், ஒன்றைக் கோட்டுக்கு மேலேயும் ஒன்றைக் கீழேயும் எழுதுங்கள். கோட்டுக்கு அடியில் 358.4 செ.மீ.-இல் 1792: திப்புவிடமிருந்து சேலம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன ஆண்டு. நம்மூர்ப் பிள்ளைகள் முதலில் தேடுவது அதைத்தான்!

ஏற்காட்டு மூடுபனியில் மைதாப் பசை காயாமல் தாள் சுருங்கும். அங்கே கயிறு கட்டிக் கிளிப் போடுங்கள்.