நான்கு தோசை வார்க்கும் நேரத்தில் பியானோ சாதகம்

எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. ஒன்பது வயது மகள் இரண்டு ஆண்டுகளாகக் கற்கிறாள். முதல் ஆறு மாதம் ‘வாசித்தாயா, இல்லையா’ என்று தினமும் சண்டை. சண்டை ஓய்ந்தது எப்படி என்று எழுதுகிறேன்.

முதலில் கருவியை வெளியே எடுத்து வையுங்கள். எங்கள் கீபோர்டு பீரோவுக்கு மேல் பத்திரமாக இருந்தது. அதை இறக்கி, ஸ்டாண்டை விரித்து, ஒயரைச் செருகுவதற்குள் அவளுக்கு ஆசை போய்விடும், எனக்குப் பொறுமை போய்விடும். இப்போது கூடத்தில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நிரந்தரமாக நிற்கிறது. மேலே ஒரு பழைய புடவைத் துண்டு. அதை விலக்கினால் வாசிக்கலாம். கால் அந்தரத்தில் தொங்கினால் பிள்ளை நெளிந்துகொண்டே இருக்கும். பாட்டி காலத்து மணையைச் செங்கல்மேல் வைத்துக் காலுக்குக் கொடுத்தேன்.

புதிதாக வாங்குகிறவர்கள், அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறையும் கருவிதானா என்று கடையிலேயே தட்டிப் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. ஆசிரியர் வீட்டு 88 கட்டைப் பியானோவில் அவள் விரல்கள் திணறியபோதுதான் தெரிந்தது.

அடுத்தது நேரம். ‘மாலை ஆறு மணி’ எங்களுக்குச் சரிவரவில்லை. ஆறு மணிக்கு விளையாட்டு, வீட்டுப்பாடம், விருந்தாளி, எல்லாம் வரும். காலை தோசை என் பொறுப்பு. நான் கல்லைக் காயவைத்ததும் அவள் பியானோவில் உட்கார வேண்டும். நான்கு தோசை முடிந்தால் அவளும் முடிக்கலாம். பன்னிரண்டு நிமிடம் ஆகும். இட்லி நாளில் தட்டு வேகும்வரை. உப்புமா நாளில் அவளுக்குக் கொண்டாட்டம், சீக்கிரம் முடிந்துவிடும். முடியட்டும்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் என்ன செய்வது என்பதில்தான் நாங்கள் அதிகம் தடுமாறினோம். எஃப் கட்டையில் தொடங்கும் சுர வரிசையான எஃப் மேஜர் ஸ்கேல் வந்தபோது மூன்று நாள் ஒரே இடத்தில் இடறினாள். ஸி மேஜரில் வலது கையின் மூன்றாம் விரலுக்கு அடியில் பெருவிரல் நுழையும். எஃப் மேஜரில் நான்காம் விரல் பி ஃபிளாட் என்ற கறுப்புக் கட்டையை அழுத்திய பிறகே நுழைய வேண்டும். அவள் பழைய பழக்கத்தில் மூன்றுக்குப் பின்னேயே நுழைத்தாள். தப்பியதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, வீணை கற்றவர், கேட்டுக்கொண்டே இருந்தார். “சரளி வரிசையை எடுத்ததுமே மூன்றாம் காலத்திலா வாசிப்பார்கள்? அந்த இடத்தை மட்டும் முதல் காலத்தில் வாசிக்கச் சொல்லுடா” என்றார். சரளி வரிசை கர்நாடக இசையின் ஆரம்பப் பாடம். முதல் காலம் என்றால் மெதுவாக, மூன்றாம் காலம் என்றால் வேகமாக.

அன்று இடறிய இடத்தில் வரும் ஏ, பி ஃபிளாட், ஸி என மூன்று சுரம் மட்டும் வாசித்தாள். கருவியின் இடது ஓரத்தில் மூன்று சோழிகள். சரியாக வாசித்தால் ஒன்று வலப்பக்கம் போகும். தவறினால் ஒன்று திரும்பி வரும். தவறினால் மூன்றும் திரும்ப வேண்டும் என்றுதான் முதலில் வைத்திருந்தேன். அழுதுவிட்டாள். ஒன்று போதும்.

வகுப்பு முடிந்த அன்றைக்கே ஐந்து நிமிடம் வாசிக்க வையுங்கள். ஆசிரியர் சொன்னது மறுநாள் பாதி மறந்துபோகிறது. காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று விடுபட்ட நாளுக்கு வட்டி போட்டு வசூலிக்காதீர்கள். நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டும் அட்டையும் வேண்டாம். மூன்றாவது வாரமே என்னிடம் பேரம் பேச ஆரம்பித்தாள். அடுப்படியிலிருந்து “தப்பு, தப்பு” என்று குரல் கொடுப்பதை நிறுத்தத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

கடைசித் தோசைக்கு அவள் என்ன வேண்டுமானாலும் வாசிக்கலாம். போன மாதம் குக்கர் விசிலுக்கு எந்தக் கட்டை என்று கண்டுபிடித்தாள். இப்போது மிக்ஸிக்குத் தேடிக்கொண்டிருக்கிறாள். சட்னியை இரண்டு முறை அரைக்க வேண்டியிருக்கிறது.