அரசியாக ஆடுவது எப்படி? க்ரூசேடர் கிங்ஸ் 3-இல் மட்டில்டாவை வைத்து முதல் ஆட்டம்

ஒரு வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆள வைக்கும் கணினி விளையாட்டான க்ரூசேடர் கிங்ஸ் 3-இல் அரசனாக ஆடிப் பழகியவர்கள்கூட, அரசியாக ஆடத் தொடங்கியதும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடம் போர்க்களம் இல்லை, திருமணம். பிறக்கும் குழந்தை யாருடைய வம்சம் என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் வைத்திருந்தால், மற்றதெல்லாம் அரசனின் ஆட்டத்திலிருந்து அவ்வளவாக மாறாது.

பழகுவதற்கு நான் சொல்வது, ஆட்டத்தின் தொடக்க ஆண்டாக 1066-ஐத் தேர்ந்தால் வரும் டஸ்கனியின் மட்டில்டா. வயது 20. வளமான இத்தாலிய நிலம், மேலே புனித ரோமப் பேரரசர் நான்காம் ஹைன்ரிக். வரலாற்றிலும் மட்டில்டா பெரிய ஆள். 1077 ஜனவரியில் அதே ஹைன்ரிக், போப்பின் மன்னிப்புக்காக மூன்று நாள் பனியில் காத்து நின்றது இவருடைய கனோசா கோட்டை வாசலில்தான். ஆனால் இரண்டு திருமணம் செய்தும், பிறந்த ஒரே மகள் கைக்குழந்தையாகவே இறந்துபோனாள். 1115-இல் மட்டில்டா இறந்தபோது வாரிசு இல்லை. அந்த வம்சத்தைத் தழைக்க வைப்பதுதான் நம் வேலை.

படி 1: ஆட்டம் திறந்ததும் நேரம் ஓடாமல் நின்றபடியே இருக்கட்டும்; ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்துங்கள். மட்டில்டாவின் படத்தைச் சொடுக்கி, திருமணமோ நிச்சயமோ ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே வாரிசுரிமைச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ஆண்களுக்கு முன்னுரிமை என்று இருந்தால் மகன் இல்லாதபோதுதான் மகளுக்கு ஆட்சி வரும்.

படி 2: மாப்பிள்ளை தேடுவது. இங்கே அவசரமே வேண்டாம்.

துணை தேடும் பட்டியலில் ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும் திருமணச் சாளரம் திறக்கும். இருவர் படமும் எதிரெதிரே இருக்கும். அதில் 'மேட்ரிலீனியல்' என்று ஒரு சின்ன டிக் பெட்டி உண்டு. தாய்வழித் திருமணம் என்று அர்த்தம். டிக் செய்தால் குழந்தைகள் உங்கள் வம்சம், செய்யாவிட்டால் கணவர் வம்சம். டிக் செய்தவுடனே அதுவரை பச்சையாக இருந்த சம்மதம் சில சமயம் சிவப்பாக மாறிவிடும். அதற்குப் பயந்து டிக்கை எடுத்துவிடாதீர்கள். என் முதல் ஆட்டத்தில் நான் அதைத்தான் செய்தேன். கூட்டணி கிடைக்கிறதே என்று ஒரு பெரிய இடத்து மகனைச் சாதாரணமாகக் கட்டி வைத்தேன். மூன்று பிள்ளைகள், நல்ல ஆட்சி. மட்டில்டா கண்ணை மூடியதும் ஆட்டம் முடிந்துவிட்டது, ஏனென்றால் வாரிசு என் வம்சத்தவன் இல்லை. பல மணி நேர உழைப்பு அந்த ஒரு டிக்கில் போயிற்று. இன்றைக்கும் அது மனசில் உறுத்துகிறது.

யார் சம்மதிப்பார்கள்? பட்டத்துக்கு வரப்போகும் மூத்த மகன்களிடமும் நிலம் வைத்திருப்பவர்களிடமும் கேட்டுப் பயனில்லை. ஒரு கோமகனின் மூன்றாவது, நான்காவது மகனைப் பாருங்கள். அவர்களில் அறிவு, அழகு, உடல்வலிமை போன்ற பிறவிக் குணம் உள்ளவர் கிடைத்தால் விடவே விடாதீர்கள். அவை பிள்ளைகளுக்கும் இறங்கலாம். கணவரின் திறமையில் ஒரு பங்கு உங்கள் ஆட்சிக்கும் சேரும். மட்டில்டாவுக்கு எந்தத் துறை பலவீனமோ, அதில் வல்லவரைத் தேடுங்கள்.

படி 3: தள்ளிப் போடாதீர்கள். அரசனுக்கு அறுபதிலும் பிள்ளை பிறக்கும். அரசிக்கு நாற்பதுகளின் நடுவோடு அந்த வாய்ப்பு முடிந்துவிடும். பிரசவத்தில் தாய் இறப்பதும் இந்த ஆட்டத்தில் நடக்கும். குழந்தை பிறந்ததும் அதன் வம்சக் கேடயம் உங்களுடையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பிள்ளைகள் கணக்கில்லாமல் பெருகினாலும் சிக்கல்தான். தொடக்கக் காலச் சட்டப்படி நிலம் பங்கு பிரிந்து சிதறும்.

படி 4: சிற்றரசர்கள். கத்தோலிக்கம் இந்த ஆட்டத்தில் ஆண் ஆதிக்க மதம் என்பதால் பெண் ஆட்சி என்றாலே சிலருக்கு முகம் சுளிக்கும். எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்க்காமல், படை அதிகம் உள்ள ஒருவரைக் குறிவைத்து மனதைக் கவரும் திட்டத்தைத் தொடங்குங்கள். இன்னொருவருக்குப் பரிசுப் பணம் அனுப்புங்கள். பெரிய ஆட்கள் சேராத சதிக்கூட்டம் வலுவாகாது.

இந்தத் தடையே வேண்டாம் என்றால், புதிய ஆட்டம் தொடங்கும் முன் விதிகள் பக்கத்தில் பாலினச் சமத்துவத்தை முழுமையாக மாற்றிக்கொள்ளலாம். முதல் முறை அப்படி ஆடுவதில் தவறே இல்லை. ஆனால் மட்டில்டாவின் கதையை அதன் கனத்தோடு உணர வேண்டுமென்றால் இயல்பு விதியிலேயே ஆடுங்கள் என்பேன்.

படி 5: மகள்களின் நிச்சயம். மகளே வாரிசு என்றால் அவள் சிறுமியாக இருக்கும்போதே நீங்களாகத் தேடி, அதே பெட்டியில் டிக் போட்டு நிச்சயம் செய்துவிடுங்கள். பட்டத்துக்கு வர வாய்ப்பில்லாத இளைய மகளைச் சாதாரணத் திருமணத்தில் கொடுத்துக் கூட்டணி வாங்கலாம். ஆனால் அவளுடைய அக்காவுக்கு ஒரு குழந்தை பிறக்கும்வரை அந்தத் திருமணத்துக்குச் சம்மதம் சொல்லாதீர்கள்.