பாண்டிலேர்ந்து மலைச்சிங்க வேட்டைக்குக் கெளம்புறவங்களுக்கு

போன வருஷம் ஜனவரில அமெரிக்கால அரிசோனா மாநிலத்துல மாடு வளக்குற ஒரு குடும்பத்தோட அஞ்சு நாள் குதிரை மேல மலைச்சிங்க வேட்டைக்குப் போயிட்டு வந்தேன் (மலைச்சிங்கம்னா பூமா, பெரிய பூனை ஜாதி, நாய்ங்கள விட்டு மோப்பம் புடிச்சு மரத்துல ஏத்துவாங்க), மச்சான் அங்க டூசான்ல இருக்கான் அவன் பண்ண ஏற்பாடு, அதுலேர்ந்து நம்ம பசங்க எப்படிப் போறதுன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் தெரிஞ்சத எழுதுறேன்.

மொதல்ல சட்டம். நம்ம நாட்டுல 1972 வனவிலங்கு சட்டப்படி இப்போ வேட்டைன்ற பேச்சே இல்ல. அங்க மாநிலத்துக்கு மாநிலம் மாறுது: கலிஃபோர்னியால 1990ல ஓட்டுப் போட்டு நிரந்தரமா தடை பண்ணிட்டாங்க, ஆரிகன்ல 1994லேர்ந்து நாய் வச்சு விரட்டக் கூடாது, அரிசோனால லைசென்ஸும் டேகும் (அந்த மிருகத்த சுட தனியா வாங்குற அனுமதிச் சீட்டு) வாங்குனா போலாம். டூரிஸ்ட் விசால போறவங்க அந்த மாநில வேட்டை லைசென்ஸ் இல்லாம துப்பாக்கியக் கையில வாங்கிக்கூட பாக்காதீங்க, அது அங்க பெரிய குத்தம். தோலு நகம்னு எதையும் ஊருக்குக் கொண்டு வர நெனைக்காதீங்க, பூமா சைட்டிஸ் (காட்டு உயிர் வியாபாரத்தக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்குற மிருகம்.

இதெல்லாம் பேப்பர் வேலை, உண்மையான வேலை தொடையிலயும் முட்டியிலயும் தான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் சேணத்துல உக்காரணும். நான் நாலே நாலு கிளாஸ் போயிட்டு கெளம்பிட்டேன், ரெண்டாவது நாளே உள்தொடை உரிஞ்சு போச்சு. ஆரோவில்ல குதிரை ஓட்ட சொல்லித் தராங்க, மூணு மாசமாவது போங்க. பீச் ரோட்ல நடந்தா பத்தாது, நம்ம ஊரு தட்டை, அதனால ஞாயித்துக்கெழம செஞ்சிக்குப் போயி ராஜகிரி ஏறி எறங்குங்க, அதுவும் எறங்குறதுதான் முக்கியம், ஏன்னா ரொம்ப செங்குத்தான எடத்துல குதிரைய விட்டு எறங்கி புடிச்சு நடத்திட்டுப் போகச் சொல்லுவாங்க.

ஷூவுல குதிகால் ஒசரமா இருக்கணும், இல்லன்னா விழும்போது கால் அங்கவடிக்குள்ள (சேணத்துல கால் வைக்குற வளையம்) மாட்டிக்கும். ஜீன்ஸுக்கு உள்ள சைக்கிள் ஓட்டுறவங்க போடுற டைட்ஸ் போட்டுக்கோங்க, மேல தோல் கவசம் அவங்களே தருவாங்க, அங்க முள்ளு நம்ம கருவேல முள்ளு மாதிரியே கிழிக்கும். ஏத்தத்துல முன்னாடி சாயணும், எறக்கத்துல பின்னாடி, கடிவாளத்த லூஸா விடுங்க, பாறைல எங்க கால் வைக்கணும்னு குதிரைக்கு நம்மள விட நல்லாத் தெரியும்.

காலைல இருட்டோட கெளம்பணும். பனி விழாத வறண்ட தரைல வெயில் ஏற ஏற வாசம் போயிடும், நாய்ங்களால மோப்பம் புடிக்க முடியாது. அந்த வீட்டுத் தாத்தா மண்ணுல ஒரு மலைச்சிங்கத் தடம் காமிச்சாரு, பாதத் திட்டோட பின்பக்கம் மூணு மேடு, நகம் பதியல, நாய்த்தடம்னா நகம் தெரியும். மலைச்சிங்கம் கன்னுக்குட்டிய அடிக்குறதாலதான் அவங்க வேட்டைக்கே போறாங்க, ஆனா அந்த மிருகத்தப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை பேசல, எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்தது.

மூணு நாள் ஒண்ணுமே கெடைக்காம போகலாம், எங்களுக்கு அப்படித்தான். நாலாவது நாள் நாய் சத்தம் மாறுச்சு, மரத்துல ஏத்திட்டா ஒரே எடத்துலேர்ந்து விடாம கொலைக்கும். மலைச்சிங்கம் பதுங்கிப் பாயுற ஜாதி, ரொம்ப தூரம் ஓட தம் பத்தாது, அதான் மரம் ஏறிடுது. அங்க போனதும் குதிரைய தள்ளிக் கட்டுங்க, சுடப் போறதா இருந்தா நாய்ங்கள முன்னாடியே கட்டிடணும், மலைச்சிங்கம் அடிபட்டு விழுந்தா நாய்ங்கள கிழிச்சிடும். அப்புறம் பைனாகுலர்ல பொறுமையா பாருங்க, ஆணா பொண்ணான்னு. உடம்புல புள்ளி இருக்குற குட்டியையும் அதோட இருக்குற தாயையும் சுடக் கூடாது. எங்களுக்குக் கெடைச்சது பொட்டை, பால் குடுத்த அடையாளம் இருக்குன்னு தாத்தாவோட பேத்தி சொன்னா, குட்டி பக்கத்துல தெரியலன்னாலும் எங்கயாவது பதுங்கி இருக்கும்னு போட்டோ எடுத்துட்டு நாய்ங்கள இழுத்துட்டு வந்துட்டோம். சுடாம திரும்புறதுக்கும் சேத்துதான் காசு கட்டுறீங்கன்னு கெளம்பும்போதே மனசுல வச்சுக்கோங்க, எனக்கு அந்த அஞ்சு நாள்ல பெஸ்ட் அதுதான்.

சாயங்காலம் வீடு வந்ததும் நேரா சாப்பாட்டுக்குப் போகாதீங்க, மொதல்ல குதிரைக்குத் தண்ணி, சேணம் கழட்டி முதுகத் தொடைக்கணும், அப்புறம் எல்லாரும் தரைல உக்காந்து நாய் பாதத்துல முள்ளு எடுப்பாங்க, நீங்களும் ஒரு நாய மடில எடுத்துக்கோங்க.