மாருதி 800 சிக்னலில் தானாக ரேஸ் ஆகிறதா? ஸ்க்ரூவைத் திருகும் முன் இதைப் பாருங்கள்

பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டர் கலந்து கொடுக்கும் பழைய மாருதி 800-ஐ இன்னும் விடாமல் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கம்தான். சிக்னலில் நிற்கிறோம், கால் பெடலில் இல்லை. ஆனாலும் யாரோ மிதித்துக்கொண்டிருப்பதுபோல் இன்ஜின் உறுமும். என் 1996 வண்டிக்கு இது வந்தபோது, ஒரு மெக்கானிக் இரண்டே நிமிடத்தில் ஐடில் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொடுத்தார். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தால் உடனே அணைந்தது. மத்தியானம் சூடேறியதும் பழையபடி உறுமல்.

பெடலை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்தான் ஐடில். அது எவ்வளவு என்பதை முடிவு செய்வது உள்ளே போகும் காற்று. ஐடில் ஏறினால், ஒன்று திராட்டில் (காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தகடு) முழுசாக மூடவில்லை, அல்லது காற்று வேறு வழியில் நுழைகிறது. டைமிங் அதிகமாக அட்வான்ஸ் ஆகியிருந்தாலும், அதாவது ஸ்பார்க் வர வேண்டிய நேரத்துக்கு முன்பே வந்தாலும், ஏறும். ஆனால் சமீபத்தில் யாராவது ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் கை வைத்திருந்தால்தான் அதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் வண்டியைச் சூடாக்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் சோக் (ஸ்டார்ட் செய்ய உதவ டேஷ்போர்டில் இழுக்கும் நாப்) இழுத்திருந்தால் ஐடில் ஏறித்தான் இருக்கும், அது கோளாறு இல்லை. சூடான பிறகு, ஏசி போடாமல், நிமிடத்துக்கு 800 முதல் 900 சுற்று அளவில் இருந்தால் சரி. டேஷ்போர்டில் ஆர்பிஎம் மீட்டர் இல்லையே என்றால், ஆர்பிஎம் காட்டும் மல்டிமீட்டர் கடைகளில் கிடைக்கிறது. மூன்று சிலிண்டர் வண்டி என்பதால் சரியான ஐடிலிலும் லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தைப் போக்க ஐடிலை ஏற்றி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு பானெட்டைத் திறங்கள். ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது, சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும். துப்பட்டா, தொங்கும் சட்டை எதுவும் பக்கத்தில் போகக் கூடாது.

அடுத்து, பேப்பர் சோதனை. இன்ஜினை அணையுங்கள். ஆக்ஸிலேட்டர் கேபிள் வந்து மாட்டும் லீவரைக் கண்டுபிடியுங்கள். பெடலை ஒருவர் மிதித்தால் அசைவது அதுதான். அந்த லீவர் ஓய்வில் இருக்கும்போது ஐடில் ஸ்க்ரூவின் முனையில் போய் உட்கார வேண்டும். நடுவில் ஒரு பஸ் டிக்கெட் அளவு பேப்பரை நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் போய்விட்டால் லீவர் ஸ்க்ரூவைத் தொடவே இல்லை, வேறு ஏதோ அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

எது தூக்கிப் பிடிக்கும்? ஆக்ஸிலேட்டர் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும்; விறைப்பாக இருந்தால் நட்டைத் திருகித் தளர்த்துங்கள். அப்புறம் சோக். டேஷ்போர்டில் நாப் முழுசாக உள்ளே போயிருக்கும், ஆனால் கேபிள் துருப்பிடித்து கார்புரேட்டர் பக்கம் பாதியில் நிற்கும். இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்து, அங்கே இருக்கும் லீவரைக் கையால் தள்ளியதும் ஐடில் இறங்கினால் குற்றவாளி கேபிள்தான். ஏசி வண்டியில் இன்னொன்று உண்டு: ஏசி போட்டதும் ஐடிலை ஏற்றும் சின்ன டயாஃப்ரம் (காற்றழுத்தத்தில் அசையும் சவ்வு). ஏசியை அணைத்த பிறகும் அதன் கம்பி பின்வாங்காமல் லீவரைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். இது எதுவும் இல்லையென்றால் திராட்டில் தண்டு அழுக்கில் ஒட்டியிருக்கும். கார்ப் கிளீனர் அடித்து, பலமுறை திறந்து மூடிப் பாருங்கள்.

பேப்பர் இறுகப் பிடித்தால் லீவர் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்போது ஸ்க்ரூவை யாராவது முன்பே ஏற்றியிருக்க வேண்டும், அல்லது காற்று திருட்டு வழியில் வருகிறது. வயதான வண்டியில் நான் இரண்டாவதைத்தான் முதலில் தேடுவேன்.

ஒரு முழம் ரப்பர் குழாய் எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஓடும் இன்ஜினின் ஹோஸ் இணைப்புகள் பக்கம் கொண்டுபோங்கள். லீக் இருக்கும் இடத்தில் 'ஸ்ஸ்' என்று கேட்கும். சந்தேகப்படும் இடத்தில் துணி தேய்க்கும்போது பயன்படுத்தும் ஸ்ப்ரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். பலரும் இதற்குக் கார்ப் கிளீனர் அடிப்பார்கள். சூடான சைலன்சர் பைப் பக்கத்திலேயே இருப்பதால் புதியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். தண்ணீரும் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் படக் கூடாது.

பார்க்க வேண்டிய இடங்கள்: கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் கனமான பேக்கிங், அதன் நட்டுகள், கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் இன்டேக் மேனிஃபோல்டின் பேக்கிங், அதிலிருந்து கிளம்பும் எல்லாச் சின்ன ஹோஸ்களும். பிரேக் பூஸ்டர் (பிரேக் பெடலை லேசாக்கும் கருவி) உள்ள வண்டியில் அதற்குப் போகும் தடித்த ஹோஸையும் பாருங்கள். அது லீக் ஆனால் பிரேக் பெடலும் கல் மாதிரி இறுகும்.

என் வண்டியில் ஒரு விரல் நீள ஹோஸ்தான் காரணம். மேலிருந்து பார்த்தால் புதுசு போல இருந்தது. முனையைப் பிடித்து வளைத்ததும்தான் கோடையில் ஏரி மண் வெடிப்பதுபோல் வரிவரியாகப் பிளந்தது. அரை அங்குலம் வெட்டிவிட்டு, புது கிளிப் போட்டு மாட்டினேன். உறுமல் அங்கேயே அடங்கியது, அடங்கிய வேகத்தில் இன்ஜினும் அணைந்தது. முன்னால் தளர்த்திய ஸ்க்ரூதான் காரணம்!

இப்போதுதான் ஸ்க்ரூ. சூடான இன்ஜினில், எல்லா ஹோஸும் மாட்டிய பிறகு, ஐடில் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகி 800–900-க்குக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் இருக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பெட்ரோல் கலவைக்கானது, அதை மாற்றினால் புகைப் பரிசோதனை அளவும் மாறும்.

இவ்வளவும் பார்த்தும் ஐடில் ஏறி இறங்கி ஊசலாடினால் திராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். நன்றாக ஆடினால் தண்டு போகும் துளை தேய்ந்து அதன் வழியே காற்று போகிறது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. தேய்ந்த துளைக்குள் புஷ் (சின்ன உலோக வளையம்) போடத் தெரிந்த லேத்காரரிடம் கொடுங்கள், இல்லையென்றால் வேறு கார்புரேட்டர் தேடுங்கள்.